பெயர், ஊர், யார் சார்பில்

அது அவன் பிடரி இல்லை. அவன் எதற்கு இங்கே வரப்போகிறான். சவரிமுத்து கண்ணை மேடைக்குப் பின்னால் தொங்கிய பேனருக்கு இழுத்துக்கொண்டு போனார். அது போன வேகத்தில் திரும்பி வந்து, இரண்டு வரிசை முன்னால் தெரிந்த அதே பிடரியில் போய் உட்கார்ந்துகொண்டது. கத்தி வைத்து நேர்கோடாக வழித்த பிடரி. கஞ்சி போட்ட காலர். மருமகன் பெனடிக்டும் அப்படித்தான் வழித்துக்கொள்வான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், வாரம் தவறாமல். கோயிலில் முன்பெஞ்சில் முழங்கால் போட்டிருப்பான். பின்னாலிருந்து பார்த்தால் அப்படி ஒரு பக்தி. எழவு பக்தி. பேனரைப் பார். பேனரில் என்ன போட்டிருக்கிறது. இணையப் பெயர் ஒழுங்கு மன்றம், பொதுமக்கள் கருத்துக் கேட்பு. கீழே பூமி உருண்டை, அதைச் சுற்றி வலை. நன்றாகத்தான் இருக்கிறது. ஏசிதான் ஆளைக் கொல்கிறது. நாற்காலிக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்திப் பின்னால் முடிச்சுப் போட்டு, என்னவோ கல்யாண ரிசப்ஷன் மாதிரி. எழும்பூரில் இந்த ஓட்டலுக்கு எதிரே எத்தனை வண்டியை மறித்து ஏறி டிக்கெட் பார்த்திருப்பார். செக்கிங் இன்ஸ்பெக்டர் விசில் ஊதினால் வண்டி நிற்கும், வேலை முடியும், இறங்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். இங்கே வந்தால் ஒருத்தனும் மைக்கை விடமாட்டேன் என்கிறான். கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர், தன் கட்சிக்காரர் கம்பெனி பெயரில் போலிக் கடைகள் முளைப்பதைப் படம் போட்டுக் காட்டினார். சைபர் போலீஸ் அதிகாரி ஒருவர் சல்யூட் அடிக்காத குறையாக விதியை வரவேற்றார். இப்போது ஒரு பேராசிரியர். வெளிப்படைத்தன்மை, வெளிப்படைத்தன்மை. தலையை ஆட்டுகிறார்கள் எல்லாரும். அந்தப் பிடரியும் ஆடுகிறது. பெனடிக்ட் இப்படி ஆட்டமாட்டான். அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பான், அப்படியா மாமா, அப்படியா மாமா என்று. இவன் அவன் இல்லை. சரி. விடு.

விஷயம் கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். இணையத்தில் கடை வைக்கிறவர்கள் கடைக்கு ஒரு பெயர் வாங்குகிறார்கள். வாங்கும்போது சொந்தப் பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் கொடுத்தாக வேண்டும். இதுவரைக்கும் அதை மூடி வைத்திருந்தார்கள். போலீஸ் கேட்டால், கோர்ட்டு கேட்டால் திறப்பார்கள். இப்போது புது விதிக்கு ஒரு வரைவு போட்டிருக்கிறார்கள்: வியாபாரம் செய்கிறவர் எவரானாலும் விவரம் ஊருக்கே தெரிய வேண்டும், ஆள் பெயரைத் தட்டினால் அவர் விலாசம் வந்து நிற்க வேண்டும். வரைவைப் போட்டுவிட்டு, மக்களே உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெசிந்தாதான் போனில் சொன்னாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். அவர் மகள் அழுது தீர்த்த காலமெல்லாம் முடிந்துவிட்டது; இப்போது அவள் அந்த ஊரில் இருக்கிறாள். அந்த ஊர். பெயரை மனசுக்குள்கூட அவர் சொல்வதில்லை. உள்ளே சொல்லிப் பழகினால் என்றைக்காவது நாக்குக்கு வந்துவிடும். பேத்தியைப் பார்க்கப் போகும்போது ஒரே பஸ்ஸில் போகமாட்டார். நடுவில் இறங்கி, டீ குடிக்கிற சாக்கில் நின்று, பின்னால் யார் இறங்குகிறான் என்று பார்த்து, வேறு பஸ் பிடித்துப் போவார். சர்வீஸில் இருந்தபோது டிக்கெட் இல்லாதவன் முழியைப் பார்த்தே தெரிந்துவிடும். இப்போது எல்லார் முழியும் அப்படித்தான் தெரிகிறது. அங்கே அவள் தூளித் துணி தைக்கிறாள், கைக்குழந்தைச் சட்டை தைக்கிறாள். மெத்தென்ற பருத்தித் துணி, ஓரத்தில் சின்னச் சின்ன வாத்து. எங்கெங்கிருந்தோ ஆர்டர் வருகிறது. பார்சலில் அனுப்புநர் என்று கடைப் பெயரும் தபால் பெட்டி எண்ணும்தான் இருக்கும். வீடுதான் கடை, கடைதான் சோறு. பெனடிக்டுக்குக் கடை என்று ஒன்று இருப்பதே தெரியாது. விதி வந்துவிட்டால் தெரிய வேண்டியதும் இல்லை. அவன் மனைவி பெயரைத் தட்டினால் போதும். தெரு, கதவு எண், மாடியா கீழா, எல்லாம். "எழுதி அனுப்பேன்" என்றார் போனில். "எழுதினா அதையும் என் பேரோட அவங்க வெப்சைட்டுல போட்டுருவாங்கப்பா. அதான் முறையாம்." "அப்ப யாரு சொல்றது?" "யாராச்சும் சொல்லுவாங்க. என்னை மாதிரி எத்தனை பேரு இருப்பாங்க." "நான் போறேன்." "வேணாம்ப்பா, அங்க என்ன ஆகும்னா..." என்ன ஆகும் என்று கேட்க அவர் இருக்கவில்லை. வைத்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று அவருக்குப் பட்டுவிட்டால் முடிந்தது. மனைவி தெரேசா இருந்த வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் செத்தாள்: ஒரு மனுசி சொல்லி முடிக்கட்டுமே.

பேராசிரியர் ஒருவழியாக உட்கார்ந்தார். நடுவில் அமர்ந்திருந்த தலைவரம்மா, ஏதோ பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவராம், மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "லேட்டா வந்தவங்களுக்காக இன்னொரு முறை சொல்லிடறேன். மைக் கைக்கு வந்ததும் பெயர், ஊர், யார் சார்பில்னு சொல்லிட்டு ஆரம்பிங்க. சொல்லாத கருத்தைப் பதிவுல எடுக்க முடியாது. நாம நேரலையில போயிட்டிருக்கோம். வீடியோ, பேச்சோட எழுத்து வடிவம், ரெண்டும் தளத்துல நிரந்தரமா இருக்கும். யாரு என்ன சொன்னாங்கன்னு யாரு வேணா பாத்துக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார், விருந்தில் இன்னும் ஒரு கரண்டி பாயசம் போடுகிறவர் மாதிரி. நல்ல அம்மாதான். சவரிமுத்து அப்போதுதான் தூணுக்குப் பக்கத்தில் மூன்று காலில் நின்ற காமிராவைப் பார்த்தார். வந்ததிலிருந்து அங்கேதான் நின்றிருக்கும். கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறது, யார் கவனித்தார்கள். வாசல் மேஜையில் இருந்த பெண் பேர் கேட்டபோது சவரிமுத்து, பெரம்பூர் என்று மணியடித்த மாதிரி சொன்னார். அவளும் பேசுகிறவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு, அட்டையிலும் எழுதிச் சட்டையில் குத்திவிட்டாள். குனிந்து பார்த்தார். பெரிய எழுத்து. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் கையை மேலே கொண்டுபோய் அட்டையைப் பிடுங்கி, ஊசி குத்தியது, பரவாயில்லை, சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். இதைத்தான் சொல்ல வந்தாளா. அங்க என்ன ஆகும்னா. வரும்போது பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு: ஐயா, எம் பொண்ணு. அங்கேயே இடிக்கிறது. எம் பொண்ணு என்றால் சவரிமுத்து மகள். சவரிமுத்து மகள் கடை வைத்திருக்கிறாள் என்றால் என்ன கடை, எந்தப் பெயரில், தேடு. சரி, ஒரு பொண்ணு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு. பெனடிக்டுக்குத் தெரியாதா அவருக்குத் தெரிந்த பெண் யார் என்று. பக்கத்து வீட்டுப் பொண்ணு. பக்கத்து வீட்டில் இருப்பது மார்வாடி கிழவர். மறுபடியும் முதலிலிருந்து. ஐயா, எம் பொண்ணு. இடிக்கிறது. அவன் ஒருநாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். ஜெசிந்தாவின் முழங்கைக்குக் கீழே இஸ்திரிப்பெட்டியின் மூக்கு பதிந்திருந்ததைப் பார்த்த அன்றைக்கே அவளையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் சவரிமுத்து. பிறகு அந்த ஊர். அதற்குப் பிறகுதான் இவன் ஆப்பிளோடு வந்தான். சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாக எடுத்துத் துடைத்து மேஜையில் அடுக்கினான். மாமா, எங்க இருக்கான்னு மட்டும் சொல்லிடுங்க. நான் ஒண்ணும் செய்யமாட்டேன், சும்மா பாக்கணும். துடைத்தான், வைத்தான். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தான். போகும்போது சிரித்தான்: எப்படியும் ஒருநாள் தெரிஞ்சிரும் மாமா, இந்தக் காலத்துல எது மறைஞ்சிருக்கு. பழத்தை அப்படியே குப்பை வண்டியில் கொட்டினார். மறைக்காதே என்றுதான் இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். யாராச்சும் சொல்லுவாங்க என்றாளே, யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? வந்தால் பெயர், ஊர். அவர்கள் எல்லாம் எங்கெங்கேயோ கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, யாராவது சொல்லுவார்கள் என்று இருப்பார்கள். வராதவர்களை எதிர்ப்பே இல்லை என்று எழுதிக்கொள்வார்கள்.

டீக்கு விட்டார்கள். வெளியே வராந்தாவில் வரிசை. கால் மரத்துப் போயிருந்தது, உதறிக்கொண்டு நின்றார். முன்னால் நின்ற ஆள் திரும்பினான். அந்தப் பிடரிக்கு முன்பக்கம் ஒரு முகம் இருந்தது: உப்பின கன்னம், தடிக் கண்ணாடி, உதட்டோரம் பிஸ்கட் தூள். நெஞ்சில் அட்டை, இளம்பரிதி, விருத்தாசலம். சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும். இத்தனை நேரம் இந்தப் பிஸ்கட்டுக்கா பயந்தோம். "சார், சர்க்கரை போட்டதா, போடாததா?" "எதையோ குடு." கொடுத்தான். "பேசறீங்களா சார்?" "நீ?" "பேசணும் சார். அதுக்குத்தானே விடியக்காலம் கெளம்பி வந்தேன்." "எந்தப் பக்கம்? காட்டணும்கிறியா, மூடணும்கிறியா?" "காட்டணும் சார். என்ன கேள்வி. கட்டாயம் காட்டணும்." "ஏன்?" அவர் கேட்ட கேட்பில் டிக்கெட் எங்கே என்கிற அதட்டல் இருந்திருக்கும், பையன் ஒரு நொடி விழித்தான். "எங்கம்மா சார். முட்டிவலிக்கு ஒரு வெப்சைட்டுல மாத்திரை. நான்தான் ஆர்டர் போட்டுக் குடுத்தேன். கிட்னி போயிடுச்சு. இப்ப வாரா வாரம் டயாலிசிஸ். வித்தவன் யாரு, எங்க இருக்கான், ஒண்ணும் தெரியாது. சிரிச்ச மாதிரி ஒரு டாக்டர் போட்டோ இருந்துச்சு, அதையும் எடுத்துட்டான்." "போலீஸ்ல?" "எழுதி வாங்கிக்கிட்டாங்க." "அவங்க கேட்டா விலாசம் குடுப்பாங்களாமே." "கேக்கணுமே சார் அவங்க." இவனைத் திட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் பேச்சுக் கொடுத்தார். "விலாசம் கெடச்சா என்ன செய்வே?" "போய் நிப்பேன் சார். அவன் வீட்டு வாசல்ல போய் நிப்பேன். நின்னு என்ன செய்வேன்னு கேக்காதீங்க, தெரியாது." "அதே மாதிரி ஒரு வாசல்ல போய் நிக்கணும்னு இன்னொருத்தனும் தேடிக்கிட்டிருக்கான்" என்று வாய் சொல்லிவிட்டது. "யாரு சார்?" "பொண்டாட்டி கைல இஸ்திரிப்பெட்டிய வச்சவன்." பையன் உதட்டோரத் தூளைத் துடைத்துக்கொண்டான். "அவளும் இதுல கடைதான் வச்சிருக்கா. கைக்குழந்தைத் துணி. இந்த விதி வந்தா கடைய மூடணும், இல்ல அவன் வருவான்." சொல்லியாயிற்று. இதைவிட மைக்கிலேயே சொல்லியிருக்கலாம். கிழட்டு வாய். "அங்க சொல்லுங்க சார் இதை! ஒருத்தரும் சொல்லலையே." "பேர் கேக்கறாளேய்யா அந்தம்மா." அவன் கண் சவரிமுத்துவின் நெஞ்சுக்கு வந்தது, ஊசி கிழித்த ஓட்டையைப் பார்த்தது, அங்கிருந்து சட்டென்று டீ கப்புக்குப் போய்விட்டது. "எங்கிட்டயும் சொல்லாதீங்க" என்றான். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, "அப்ப எங்கம்மாவுக்கு யாரு சார் பதில் சொல்றது?" "எனக்கென்ன தெரியும். ஆறிப்போவுது, குடி."

உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் பெயரே அவர் பெயர். "சவரிமுத்து, பெரம்பூர்." ஒலிபெருக்கியில் கேட்டபோது வேறு யாரையோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. போச்சு. ஊரோடு சொல்லிவிட்டார்கள். காமிரா கேட்டுக்கொண்டது. பெயரைக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தால் அவர்களே படிக்கிறார்கள், வாசலில் மணியடித்தது போலச் சொன்னாயே, அதுதான். "சவரிமுத்து சார் இருக்காரா?" முழங்கால் தானாக எழப் பார்த்தது. கையை வைத்து அழுத்தினார். வாழ்நாளில் பேர் கூப்பிட்டு அவர் எழாமல் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில், டிப்போவில், ஆஸ்பத்திரி டோக்கனில், தெரேசாவின் அடக்கத்தில் உறவுக்காரர் முன்னால் வாங்க என்றபோது. கூப்பிட்டால் இருக்கிறேன் என்று சொல்வதுதானே மனுஷனுக்கு மரியாதை. தொண்டையில் இருக்கிறேன் வந்து நிற்கிறது. விழுங்கு. மைக்கோடு ஒரு பெண் நடைபாதையில் வருகிறாள், வாசல் மேஜையில் இருந்தவளேதான், அவளுக்கு முகம் தெரியும், வருகிறாள், இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டார். செருப்பின் வார் பிய்ந்திருக்கிறது. தைக்கக் கொடுக்கணும். அவள் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பாவாடை ஓரம் தெரிந்தது. எழுந்துவிடலாம். எழுந்து ஒரே கத்து கத்திவிடலாம், அறிவு இருக்கிறதா உங்களுக்கு, அவள் எப்படியம்மா இங்கே வந்து பேர் சொல்வாள் என்று. அரங்கமே ஆடிப்போகும். எல்லாரும் கைதட்டுவார்கள். அந்த ஊரில் அவன் கதவைத் தட்டுவான். செருப்பைப் பார். பாவாடை ஓரம் நகர்ந்துவிட்டது. "டீயோட கெளம்பிட்டார் போல" என்றார் தலைவரம்மா. சிரித்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் இவர் பக்கம் திரும்பி, "பஜ்ஜி தீந்துபோச்சுன்னு கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாரு" என்றார். சவரிமுத்துவும் சிரித்தார். வாய் கோணிக்கொண்டு வந்தது, ஆனாலும் சிரித்தார்.

அப்புறம் இளம்பரிதியைக் கூப்பிட்டார்கள். மைக்கை வாங்கி இரண்டு தரம் ஊதினான். பெயர் சொன்னான், ஊர் சொன்னான். "யார் சார்பில்?" "எங்கம்மா சார்பில்." மாத்திரை, கிட்னி, டாக்டர் போட்டோ, எல்லாம் சொன்னான். வராந்தாவில் சொன்னதைவிட மோசமாகத்தான் சொன்னான்; திக்கினான்; ஆனால் அரங்கம் அமைதியாகிவிட்டது, வக்கீல்கூட போனைக் கீழே வைத்தார். "அதனால விலாசம் வேணும்" என்றான். சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். அவன் அம்மா. அவன் சொல்லத்தான் செய்வான். தான் சொல்லக்கூடாத இடத்தில் அவன் சொல்லக்கூடியதைச் சொல்கிறான், கேட்டுக்கொள். ஜெசிந்தா வேறு ஊர் பார்க்கணும். வேறு ஊர், வேறு வேலை, பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடம். "ஆனா," என்றான் இளம்பரிதி. மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "ஆனா எனக்குக் குடுங்க. எங்கம்மாவைக் கெடுத்தவன் விலாசத்த, காரணத்தக் கேட்டுட்டு, எனக்குக் குடுங்க. இழுத்தடிக்காம குடுங்க. போறவன் வர்றவனெல்லாம் பாக்கற மாதிரி தொங்க விடாதீங்க. வீட்டுலயே கடை வச்சிருக்கற பொம்பளைங்க இருக்காங்க. அடிச்சவன் கிட்டயிருந்து ஓடி வந்தவங்க. அவனும் பாப்பான்ல?" தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, ரெண்டும் ரெண்டு கருத்தா இருக்கே. ரெண்டாவது யாருடையது? அவங்களே வந்து சொல்லலாமே, பதிவுக்குப் பேர் வேணும்." "அவங்க வந்தா நீங்க பேர் கேப்பீங்க." யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். "அதையும் என் பேருலயே போட்டுக்கங்கம்மா. இளம்பரிதி, விருத்தாசலம்." தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் தலைவரம்மாவைப் பார்த்தார். அவர் போட்டுக்கொள் என்று தலையசைத்தார். அவ்வளவுதான். விதி போனதா, நின்றதா, யாருக்குத் தெரியும். அடுத்த பெயரைப் படித்தார்கள்.

சவரிமுத்து வெளியே வந்தார். வெயில் மூஞ்சியில் அறைந்தது. ஏசிக்கு அப்புறம் அது சுகமாக இருந்தது. அந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன வார்த்தை. ஸ்டாப்பில் நின்றவர்களை வழக்கம்போல் ஒவ்வொருவராகப் பார்த்தார்: கல்லூரிப் பெண், கூடைக்காரி, தலைக்கவசத்தைக் கையில் வைத்திருக்கிற ஒருத்தன், அவன் ஏன் தலைக்கவசத்தோடு பஸ்ஸுக்கு நிற்கிறான், வண்டி ரிப்பேராக இருக்கும், விடு. போன் அடித்தது. ஜெசிந்தா. "எங்கப்பா இருக்கீங்க?" "பஸ்ல." "பஸ்லயா." அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் இல்லை. "நான் நேரலையில பாத்துக்கிட்டிருந்தேம்ப்பா." சவரிமுத்து நிழலுக்கு நகர்ந்தார். "உங்க பேரக் கூப்பிட்டாங்க." "ம்." "ஊரோட." "காது இருக்குது எனக்கு." "அந்தத் தம்பி பேசினாரே, கடைசில. அது நீங்க சொன்னதா?" "எவன் சொன்னா என்ன. சொன்னான்ல." அவர் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் வாய் கேட்டுவிட்டது. "அவன் பாத்திருப்பானாம்மா?" "தெரியலப்பா." தெரியலப்பா என்பதை அவள் காய்கறி விலை மாதிரி சொல்லவில்லை, குரல் கீழே இறங்கியிருந்தது. "உங்க பேரக் கேட்டதும் பிள்ளைய எழுப்பி செருப்ப மாட்டிட்டேன்." "எதுக்கு?" என்று கேட்ட பிறகுதான் எதற்கென்று புரிந்தது: அந்த ஊரையும் விட்டுக் கிளம்ப. தலைக்கவசக்காரன் ஏறிப் போய்விட்டிருந்தான். ஸ்டாப்பில் ஆளே இல்லை. "அப்புறம்?"

"நீங்க எந்திரிக்கலையே. கழட்டிட்டேன். இப்ப தூங்குறா."